ருக்குமணி போட்ட மஞ்சள்

எங்கள் தோட்டத்தில் ருக்குமணி என்ற பெயரில் வேறு பெண்களும் உண்டு. அதனால் வெறும் பெயரைச் சொன்னால் எந்த ருக்குமணி என்று கேட்பார்கள். 'மஞ்சள் போட்டவள்' என்று சொல்லிவிட்டால் போதும், மேல் லயன், கீழ் லயன் என்ற வரிசை வீடுகள், தேயிலை ஃபேக்டரி எல்லா இடத்திலும் புரிந்துகொள்வார்கள். புருஷன் வளர்த்த கோழிகளின் தீனியில் அவனுக்கே தெரியாமல் மஞ்சளைக் கலந்து, அவனை ஜெயில் வாசல் வரைக்கும் அனுப்பியவள் என்று சிரித்துக்கொண்டே கதை சொல்வார்கள். அந்தப் புருஷன் காளிமுத்து என் கூடப்பிறந்த அண்ணன். ருக்குமணி என் அண்ணி. ஊர் சொல்லும் கதையில் ஒரே ஒரு தப்பு இருக்கிறது. மஞ்சளைப் போட்டது அவள் இல்லை.

போட்டது அண்ணன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அண்ணனுக்குப் படிக்கும் பழக்கம் கிடையாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

ருக்குமணி என் வயதுக்காரி. ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருக்கும் இந்தத் தோட்டத்தில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகு கூப்பிடுவதுதான் அண்ணி என்று ஆனதே தவிர, பேச்சு நீ, வா, போ தான். கூடை நிறைகிற வேகத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வாயும் அதே வேகம்தான், வேலை வாங்கும் மண்டோரே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார். கல்யாணமாகி இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்து போன பிறகு அந்த வாய் அடங்கியது. எண்பத்தொன்றாம் வருஷம் மூன்றாவதாக உண்டானாள். குனிந்து செருப்புப் போடக்கூட பயப்படுவாள். அப்படி ஒரு பயத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

அண்ணன் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மிச்ச நேரம் எல்லாம் கோழிதான். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையையும் துத்தநாகத் தகட்டையும் வைத்து லயனுக்குப் பின்னால் அவனே கூண்டு கட்டியிருந்தான். ரிங்லெட் கடையில் தீனி மூட்டை வாங்கிவந்து போட்டு வளர்த்து, ரிங்லெட் சந்தையிலும் தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலிலும் விற்பான். பெண்டாட்டியோடு பேசுகிறதைவிடக் கோழிகளோடு அதிகம் பேசுவான் என்று நான் கேலி செய்வேன்.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. குளிரில் கோழிகளுக்குச் சளி பிடித்து, கொர் கொர் என்று தலையைத் தொங்கப் போட்டு நின்றன. ஒரு காலை நான் தண்ணீர் பிடிக்கப் போகும்போது அண்ணன் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சமையல்கட்டு மஞ்சள் டின்னைத் திறந்து, கை நிறைய அள்ளித் தீனிப் பீப்பாயில் போட்டான். போதவில்லை என்று இன்னொரு கையும் அள்ளினான். முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கினான். "அண்ணிகிட்ட வாங்கிக் கட்டிக்கப் போற," என்றேன். "கோழி செத்தா அவளா ஆக்கித் தருவா, போ லா," என்றான். சாயங்காலம் குழம்பு வைக்க மஞ்சள் இல்லாமல் அண்ணி டின்னைக் கொண்டுபோய் அவன் முன்னால் கவிழ்த்துக் காட்டிச் சத்தம் போட்டதும் எனக்குக் கேட்டது. கோழிகள் பிழைத்துக்கொண்டன. அதோடு எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

அந்தத் தீனி தீரும் முன்பே அதிகாரிகள் வந்தார்கள். கோழி சீக்கிரம் கொழுக்க வேண்டும் என்று சில பண்ணைகளில் தீனியில் ஒரு மருந்தைக் கலக்கிறார்கள் என்று அப்போது பேச்சு. ஸ்டில்பெஸ்ட்ரால் என்று அதற்குப் பெயர், சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பெண் உடம்பில் சுரப்பதைப் போலவே வேலை செய்கிற பொருளாம் அது. தின்ற கோழி கொழுக்கும், அந்தக் கோழியைத் தின்கிற மனுஷருக்குக் கேடு. அதனால் விற்பதற்குக் கோழி வளர்க்கிற எல்லோரிடமும் தீனியை எடுத்துச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணனின் பீப்பாயில் நீளமான குழாயை விட்டு, மேலே, நடுவே, அடியே என்று எடுத்து, ஒன்றாகக் கலந்து, மூன்று பொட்டலமாகக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். ஒன்று சோதனைக்கு, ஒன்று அவர்கள் ஆபீசுக்கு, ஒன்று அண்ணனிடமே. பின்னால் தகராறு வந்தால் சொந்தக்காரன் கையிலும் ஒரு பங்கு இருக்கவேண்டுமாம். அண்ணி அதை வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சம்போர் ஆப்பா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். நான் மூன்றாம் பாரம் வரை படித்தவள் என்பதால் மலாய் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

"என்ன கலந்தன்னு கேக்குறாங்கண்ணே."

"ஒண்ணும் கலக்கல. கடையில வாங்கினதை அப்படியே போடுறேன்."

நானும் அப்படியே மலாயில் சொன்னேன். மஞ்சள் எனக்கும் நினைவுக்கு வரவில்லை. அதற்காக நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போவதில்லை. குழம்பில் என்ன கலந்தாய் என்று கேட்டால் தண்ணீர் ஊற்றினேன் என்று எந்தப் பெண் சொல்வாள்? எங்களுக்கு மஞ்சள் அப்படித்தான். காயத்துக்கு, குளிக்க, வாசற்படிக்கு, தாலிக்கயிற்றுக்கு, சீக்கு வந்த மாட்டுக்கு, கோழிக்கு. அதைக் கலப்படம் என்று யார் நினைப்பார்கள்?

சோதனையில் மருந்து இருக்கிறது என்று வந்துவிட்டது.

அண்ணனைத் தோட்ட ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் எங்கள் மேல் இரக்கம் உள்ள மனுஷர்தான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும். கேஸ் கோர்ட்டுக்குப் போகும். தப்பு என்று தீர்ப்பு வந்தால் ஜெயிலோ அபராதமோ கட்டாயம். ஜெயிலுக்குப் போகிறவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்று மானேஜர் சொல்லிவிட்டார். வேலை இல்லை என்றால் லயன் வீடும் இல்லை. நிறைமாதத்தை நோக்கிப் போகிற பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு அண்ணன் எங்கே போவான்? எங்கள் அப்பா அம்மா வாழ்ந்து செத்தது அந்த வீட்டில்தான், அதைத் தவிர எங்களுக்கு வேறு கூரை கிடையாது.

அதைவிடப் பெரிய இடி லயனிலேயே விழுந்தது. கீழ் லயன் அம்மாக்கண்ணுவுக்கு அதற்குச் சில வாரங்கள் முன்பு கரு கலைந்திருந்தது. உண்டாகியிருப்பவளுக்கு உடம்பு தேறட்டும் என்று அண்ணன்தான் ஒரு கோழியைச் சும்மா கொடுத்திருந்தான். அவள் சூப்பு வைத்துக் குடித்தாள். பெண் உடம்பைக் கெடுக்கிற மருந்து என்று செய்தி பரவியதும் அவள் தலைவிரி கோலமாக எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"எம்புள்ளயத் தின்னுட்டியேடா காளிமுத்து. என் வயித்துல மண்ணப் போட்டுட்டு உம் பொண்டாட்டி வயித்த நிரப்பிக்கிட்டியாடா?"

அண்ணி கதவுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன்பிறகு எங்களிடம் கோழி வாங்கித் தின்ற வீடு ஒவ்வொன்றும் பேச ஆரம்பித்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. யாரோ இரவோடு இரவாகக் கூண்டைப் பிரித்துப் போட்டார்கள். கோழிகளை எல்லாம் அண்ணனே தன் கையால் கொன்று புதைக்க வேண்டியிருந்தது, ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

கோயில் காரியங்களைப் பார்த்துவந்த சிவசாமி மாமா ஒரு வழி சொன்னார். மாரியம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும், அதற்குப் பிறகும் யாராவது பேசினால் நான் கேட்கிறேன் என்றார். அண்ணன் உடனே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளாமல் எப்படி? அவன் மனசில் துளி அழுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை பூசைக்கு லயனே கூடியிருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்தது. அண்ணன் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "இந்தக் கையால தீனியில ஒரு பொருளும் கலக்கல. கலந்திருந்தா என் பொண்டாட்டி வயித்துல இருக்கிறது எனக்குத் தங்காம போவட்டும்," என்றான்.

இப்படிச் சொல்லப் போகிறான் என்று எங்களுக்குத் தெரியாது. தன் கண்மேல், தன் கால்மேல் சத்தியம் செய்வான் என்று நினைத்தோம். அண்ணி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பேன், சந்நிதி என்பதால் விட்டேன். சத்தியம் செய்கிற ஆம்பிளைகள் எப்போதும் பெண்டாட்டி பிள்ளை தலையில்தான் கை வைப்பார்கள். ஆனாலும் லயன் அடங்கியது. அம்மாக்கண்ணு மட்டும் விபூதி வாங்காமல் எழுந்து போனாள்.

சத்தியம் லயனை அடக்கியது, கோர்ட்டை அடக்குமா? கிராணிதான் அங்கே இங்கே போன் போட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். எங்களிடம் இருக்கும் மூன்றாவது பொட்டலத்தைக் கொண்டுபோனால் ஈப்போ சோதனைச்சாலையில் எங்கள் கண்முன்னாலேயே மறுபடி சோதிப்பார்களாம். கடையில் அதே தீனியில் பிரிக்காத மூட்டையிலிருந்து ஒரு பை தனியாகக் கொண்டுவரச் சொன்னார்களாம். "இதுதான் கடைசி வழி. இதுலயும் மருந்து இருக்குன்னு வந்துச்சுன்னா நானே வந்து சாவியை வாங்க வேண்டியிருக்கும் காளிமுத்து," என்று கிராணி சொன்னார்.

அண்ணி வீட்டில் இருக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். தோட்டத்து லோரியில் தாப்பா வரைக்கும் மலை இறங்கினோம். அந்த வளைவுகளில் நல்ல உடம்புக்காரர்களே வாந்தி எடுப்பார்கள். அண்ணி ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் முத்திரை வைத்த பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வந்தாள். தாப்பாவிலிருந்து பஸ்.

சோதனைச்சாலையில் எங்களைப் பார்த்தவர் புவான் ஹலிமா என்ற ரசாயன அதிகாரி அம்மா. தலையில் துணி கட்டி, கோட்டின் கையை மடித்துவிட்டு, ஓடியாடி வேலை செய்கிற ஆள். அண்ணியைப் பார்த்ததும் முதலில் நாற்காலி போட்டார். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று எங்களையே பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பிரித்தார். செய்கிற ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லிச் சொல்லிச் செய்தார், நான் தமிழில் சொன்னேன்.

சுவரோரம் கூண்டுகளில் வெள்ளை எலிகள் இருந்தன. எதற்கு என்று கேட்டேன். இந்த மருந்தைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் குட்டிப் பெண் எலிகளுக்குத்தான் சந்தேகத் தீனியைப் போடுவார்களாம். சில நாள் கழித்து எலியை அறுத்துக் கருப்பையை எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். மருந்து இருந்தால் பருவத்துக்கு வராத எலிக்கும் கருப்பை பெருத்து, எடை கூடியிருக்கும். இப்போது ரசாயனச் சோதனையே சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்றார். "என்ன சொல்றாங்க?" என்று அண்ணி கேட்டாள். "எலி வளக்குறாங்களாம்," என்றேன். அதற்குமேல் அவளுக்கு எதற்கு?

தீனியைப் பொடித்து, இனிப்பு வாசம் அடிக்கும் ஒரு திரவத்தில் ஊறவைத்து வடிகட்டினார். தீனியில் இருக்கும் மருந்து அந்தத் திரவத்துக்கு வந்துவிடுமாம். அதைக் கீழே குழாய் வைத்த ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றினார். மருந்துக்கு ஒரு குணம் உண்டு என்றார். காரத் தண்ணீரைச் சேர்த்துக் குலுக்கினால் அது எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் விட்டுவிட்டுக் காரத் தண்ணீருக்குத் தாவிவிடும். பிறகு அதைத் தனியே பிரித்து, விசேஷமான ஒரு விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் நிறம் காட்டும். முதல் சோதனையில் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்துத்தான் மருந்து இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

காரத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினார். குடுவைக்குள் ரத்தச் சிவப்பாக மாறியது.

அண்ணி என் கையைப் பிடித்தாள். எங்களுக்கு அந்தச் சிவப்பு தெரியாதா? மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்தால் வருகிற ஆலத்திச் சிவப்பு அது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் டின் அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது என்று அவன் முகமே சொன்னது.

புவான் ஹலிமா குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மருந்துக்கு இந்த நிறம் வராதே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முதலில் சோதித்தவர்களும் இந்தச் சிவப்பைப் பார்த்திருக்க வேண்டும். குவிந்து கிடந்த வேலையில் முடிவில் வந்த மஞ்சள் நிறத்தை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் அப்படி விடவில்லை. வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்தார். அதன் அடியோரத்தில் உண்மையான மருந்தை ஒரு புள்ளியும், எங்கள் தீனியின் சாற்றை ஒரு புள்ளியும் வைத்து, கொஞ்சம் திரவம் ஊற்றிய ஜாடிக்குள் நிறுத்தி மூடினார். திரவம் தகட்டில் மெல்ல ஏறும், ஏறும்போது புள்ளிகளையும் தூக்கிக்கொண்டு போகும், ஒவ்வொரு பொருளும் அதனதன் உயரத்தில் நின்றுவிடும் என்றார். அந்த ஈரம் ஏறுவதை நாங்கள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அண்ணியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அம்மனைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

தகட்டை இருட்டுப் பெட்டிக்குள் வைத்து ஊதா விளக்கைப் போட்டு எங்களையும் பார்க்கச் சொன்னார். எங்கள் சாற்றிலிருந்து மூன்று புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பச்சை கலந்த மஞ்சளில் பளீரென்று எரிந்தன. மேலே இருந்தது பட்டையாகப் பரவி, மருந்து நின்ற உயரத்தையும் தொட்டுக்கொண்டு கிடந்தது.

புவான் ஹலிமா விளக்கை அணைத்துவிட்டு அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "குஞிட் போட்டீர்களா?"

குஞிட் என்றால் மஞ்சள். அண்ணனுக்கு அதைச் சொல்ல நான் தேவையில்லை. இருந்தும் அவர் சொன்னதை எல்லாம் சொன்னேன். மஞ்சள்தான் என்று தன்னால் ஊகிக்க முடிகிறது, ஆனால் ஊகத்தை எழுத முடியாது. இந்தப் பளபளப்புக்கு அடியில் மருந்து ஒளிந்திருந்தாலும் இருக்கலாம். மஞ்சள் போட்டது உண்மை என்றால், எவ்வளவு என்று சொன்னால், பிரிக்காத மூட்டைத் தீனியில் அதே அளவு மஞ்சளைக் கலந்து பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடலாம், இரண்டும் ஒத்துப்போனால் மருந்து இல்லை என்று கையெழுத்துப் போடலாம். எதுவுமே கலக்கவில்லை என்றால் முதல் முடிவை மாற்றத் தனக்கு வழியில்லை.

ஆமாம் என்ற ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் ஜெயில் இல்லை, வீடு நிலைக்கும். ஆனால் சொன்னால், இந்தக் கையால் ஒரு பொருளும் கலக்கவில்லை என்று கற்பூரத்தை அணைத்தது பொய்ச் சத்தியம். அது யார்மேல் செய்த சத்தியம் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். அண்ணியின் வயிற்றைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். தலையை ஆட்டவும் இல்லை. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டு வழியும் அடைத்துவிட்ட இடத்தில் மனுஷன் என்னதான் செய்வான்? நான் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் மொழிபெயர்ப்பு அவளுக்குத் தேவைப்படவில்லை. சந்தை மலாயிலேயே சொன்னாள்.

"சாயா தாரோ, புவான். டியா தாக் தாவு."

நான்தான் போட்டேன், அவருக்குத் தெரியாது.

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"எவ்வளவு?" என்று புவான் ஹலிமா கேட்டார். அண்ணிக்கு எப்படித் தெரியும்? அவள் அன்றைக்குக் கொழுந்துக் காட்டில் இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏதோ கொஞ்சம், கோழிக்குச் சளின்னு..." என்று இழுத்தாள். நான் மலாயில், "பாதிப் பீப்பாய்த் தீனிக்கு இரண்டு கை நிறைய," என்று சொன்னேன். அண்ணி சொன்னது வேறு, நான் மொழிபெயர்த்தது வேறு. புவான் ஹலிமா எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. கேன்டீனிலிருந்து மஞ்சள்தூள் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அதே வேலையை முதலிலிருந்து செய்தார். அதே சிவப்பு வந்தது. தகட்டில் அதே மூன்று புள்ளிகள், அதே உயரம், அதே பரவல். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இன்னொன்றும் செய்தார். காரத்தை முறித்துவிட்டு எங்கள் சாற்றை இரண்டாகப் பங்கிட்டு ஒன்றை மட்டும் விளக்கில் வைத்தார். மருந்தாக இருந்தால் விளக்கில் வைத்த பங்குதான் மஞ்சளாகும், மற்றது வெறும் தண்ணீர் போல இருக்கும். எங்களுடையது விளக்கைப் பார்க்காமலேயே மஞ்சளாக இருந்தது. மருந்து இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அண்ணியின் தோளைத் தொட்டு, "இனிமேல் கேட்டால் குஞிட்டையும் சொல்லு," என்றார். அண்ணி தலையாட்டினாள்.

தாப்பாவில் லோரிக்குக் காத்திருந்தபோது அண்ணன் ஆரஞ்சு வாங்கப் போனான். நான் கேட்டேன்.

"ஏன் அண்ணி அப்படிச் சொன்ன?"

"உங்கண்ணன் ஆமான்னு சொல்லியிருந்தா எம்புள்ள என்ன ஆவும்?"

"யாரு கை போட்டுச்சுன்னு ஆத்தாளுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் என் கைன்னு சொல்லிட்டேன்ல. கேக்குறத அவ எங்கிட்டயே கேட்டுக்கட்டும். உள்ள இருக்கிறதத் தொடாம என்னய என்ன செஞ்சாலும் சரி."

அண்ணன் ஆரஞ்சோடு வந்தான். உரித்து அவளுக்குக் கொடுத்தான். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

கேஸ் நின்றது, வீடு நின்றது. ஆனால் லயனுக்கு யாராவது ஒருத்தர் வேண்டுமே, அண்ணியைப் பிடித்துக்கொண்டார்கள். புருஷனைக் கேட்காமல் கை நீட்டியவள், அவள் வாயைத் திறந்திருந்தால் கோழிகள் பிழைத்திருக்கும் என்றார்கள். அம்மாக்கண்ணு வந்து, "வெறும் மஞ்சளா?" என்று மட்டும் கேட்டாள். தன் பிள்ளை போனதற்கு ஒரு காரணம் கிடைத்ததென்று இருந்தாள், அதையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். அண்ணி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்காக இந்த அழுகை என்று யாருக்கும் புரியவில்லை.

பெண் பிறந்தது. பவளம் என்று பெயர் வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தாள். அண்ணிதான் நன்றாக இல்லை. பவளத்துக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். காய்ச்சல் வந்தால் சோறு இறங்காது. ஒருமுறை வலிப்பு வந்தபோது கோயில் வாசலில் நெற்றியை முட்டிக்கொண்டு, "எங்கிட்டதானே கேக்கச் சொன்னேன்," என்று கத்தினாள். பிள்ளை பிழைத்தது. அவள் நெற்றித் தழும்பு மறையவில்லை. வருஷம் தவறாமல் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பாள். என்ன வேண்டுதல் என்று யார் கேட்டாலும் சும்மா என்பாள்.

போன வருஷம் சிவசாமி மாமா மகள் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வாசலுக்கு வர, ஆலத்தி கரைக்கத் தட்டு தயாராக இருந்தது. யாரோ அண்ணியிடம் மஞ்சள் கிண்ணத்தை நீட்டினார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த அண்ணன் சத்தமாகச் சொன்னான், "அவ கையில மஞ்சளக் குடுக்காதீங்க லா. என்னய ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தவ."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.

"யாருண்ணே மஞ்சளப் போட்டது?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லு. யாரு போட்டது?"

"அவதான் போட்டா. ஈப்போவுல எம் முன்னாடிதானே ஒத்துக்கிட்டா. நீயும் கூடத்தானே இருந்த?"

அவன் நடிக்கவில்லை. பொய் சொன்னால் காது மடல் சிவக்கிறவன் என் அண்ணன். அவன் முகத்தில் என்னைப் புரியாத பார்வைதான் இருந்தது. முழங்கை வரைக்கும் மஞ்சள் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் காலை அவன் தலையில் இல்லவே இல்லை. அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுத்து ஞாபகப்படுத்திவிடலாம் என்று இருந்தது. முதலில் அண்ணியிடம் போனேன். சமையல் பந்தலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு நீதான் போட்டன்னு நெசமாவே நம்புறான் அண்ணி. மறந்தே போயிட்டான். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் சொல்லத்தான் போறேன்."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

"நெசமாவா? மறந்துட்டாரா?"

"சுத்தமா."

என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஈப்போவில் பிடித்த அதே பிடி. கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயத்தால் இல்லை.

"அவருக்கே தெரியலன்னா ஆத்தாளும் மறந்திருப்பா புள்ள," என்றாள். "நீ ஒண்ணும் சொல்லாத. அவருக்கு ஞாபகப்படுத்திடாத."

நான் சொல்லவில்லை. அந்த வருஷத் திருவிழாவில் அண்ணி தீச்சட்டி எடுக்கவில்லை. ஏன் இந்த வருஷம் எடுக்கவில்லை, சாமி குத்தம் ஆகிவிடாதா என்று அண்ணன்தான் கேட்டான்.